மைக்கில் செத்தவர்

மேடை ஏறுகிறவர்களின் முகத்தை எக்கோ அண்ணன் பார்ப்பதே இல்லை. மேடைக்குப் பின்னால், துணித் தடுப்புக்கு இந்தப் பக்கம், ஆம்ப்ளிஃபயர் அடுக்கிய மேசை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, காதில் ஹெட்போன், பக்கத்தில் ஆறிப்போன டீ. அவ்வளவுதான் அவர் ராஜ்ஜியம். எந்தக் கட்சி கூப்பிட்டாலும் போவார். நேற்று 'வாழ்க' முழங்கிய அதே பெட்டிகளில் இன்று 'ஒழிக' முழங்கும். "ஸ்பீக்கருக்கு ஏதுங்க மானம் ரோஷம்?" என்பார்.

அந்தப் பட்டப்பெயர் சும்மா வரவில்லை. பேசுகிறவர் தழுதழுக்கப் போகிறார் என்பது அவருக்கே தெரிவதற்கு முன் அண்ணனின் விரலுக்குத் தெரிந்துவிடும். எக்கோ குமிழை ஒரு சின்னத் திருகு. சாதாரணமாகச் சொன்ன 'அம்மா' கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுகிற 'அம்மா' ஆகிவிடும். முன்வரிசையில் மூக்கு உறிஞ்சத் தொடங்குவார்கள். பேர் பேச்சாளருக்குப் போகும், பட்டப்பெயர் இவருக்கு.

இத்தனை வருஷம் பின்பக்கமிருந்து கேட்டதில் ஒரு ஞானம் வந்திருந்தது. கட்சி என்ற சொல் தன் வீட்டு வாசற்படி ஏறக்கூடாது என்று சட்டம் போட்டிருந்தார். மனைவிக்கு அதில் ஆட்சேபம் இல்லை. ஒரே மகளோ எதற்குமே வாய் திறப்பதில்லை. கல்லூரி முடித்துவிட்டுக் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போகிறாள். கேட்டால் 'ம்', ரொம்ப வற்புறுத்தினால் 'ம்ஹூம்'. சின்ன வயதில் எதற்கெடுத்தாலும் முகம் சிவந்து கத்துவாள் என்று 'மிளகாய்' என்று பெயர் வைத்தார். காரம் எங்கே போயிற்றோ, பெயர் மட்டும் தங்கிவிட்டது. அதுவும் அவர் ஒருவர் வாயில்தான்.

அன்று ஒரு கட்சிக்கு வழக்கமாக மைக் கட்டுகிறவரின் ஆம்ப்ளிஃபயர் மதியமே புகைந்து உட்கார்ந்துவிட்டது. இளைஞரணிச் செயலாளர் அடித்துப் பிடித்துக்கொண்டு இவரைக் கூப்பிட்டார். வெயில் தணிவதற்குள் அண்ணன் பெட்டிகளை ஏற்றிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். வழக்கமான பெரியவர்கள் வழக்கம்போல் தொண்டை கிழியக் கத்தினார்கள். பிறகு ஒரு பெண் பேச வந்தாள்.

நிமிர்ந்து உட்கார்ந்தார் அண்ணன். குரல் என்றால் அப்படி ஒரு குரல்! வெண்கலத்தில் வார்த்ததுபோல் கணீரென்று விழுந்தது. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்று தெரிந்த பிள்ளை. எந்த மகராசன் பெற்றானோ என்று நினைத்துக்கொண்டார்.

"எங்க அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்துச்சு. ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணோம். திரும்பத் திரும்பப் பண்ணோம். ரோடு சரியில்ல, வர முடியாதுன்னுட்டாங்க. அந்த ரோட்டைப் போட வேண்டியவங்கதான் இன்னைக்கும் நாற்காலியில இருக்காங்க."

குரல் உடையப் போகிறது. விரல் தானாகக் குமிழுக்குப் போயிற்று.

"எங்க அப்பா... என் மடியிலயே..."

திருகினார். 'மடியிலயே' என்ற சொல் மைதானத்தின் மறுகோடி வரை போய்த் திரும்பி வந்தது. அண்ணனுக்கே கண் கலங்கிவிட்டது. பெற்றவனுக்கு இதைக் கேட்கக் கொடுத்து வைக்கவில்லையே என்று சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார்.

"கடைசியா ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு. 'மிளகாய், நீ வாயைத் திறந்து பேசணும்டா'ன்னாரு."

அண்ணன் கை குமிழிலேயே நின்றுவிட்டது. அப்புறம் துணித் தடுப்பை மெல்ல விலக்கிப் பார்த்தார். காலையில் அவரே இஸ்திரி போட்டுக் கொடுத்த நீலச் சட்டை. அதற்குள் அவர் மகள்.

தலையில் இடி விழுந்தது என்பார்களே, அது இதுதான் போலிருக்கிறது. ஹெட்போன் காதிலேயே இருந்ததால் தன் சாவை அந்தக் கூட்டத்திலேயே அவர்தான் துல்லியமாகக் கேட்டார். உண்மையாகவே நெஞ்சு வலித்தது. தொட்டுப் பார்த்துக்கொண்டார். துடித்துக்கொண்டுதான் இருந்தது.

மேசைமேல் உதிரி மைக் ஒன்று கிடந்தது. 'நான் செத்துப்போகலைங்க, இங்கதான் இருக்கேன்' என்று ஒரு வரி சொன்னால் போதும். எடுத்தார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தது. இவர் வாயைத் திறந்தால் அத்தனை கைகளும் சிரிக்கத் தொடங்கும். அப்புறம் இந்தப் பெண் எந்தத் தெருவில் தலை நிமிர்ந்து நடப்பாள்? மைக்கை வைத்துவிட்டார்.

தண்ணீர் குடிக்கப் பின்படி இறங்கியவள் அவரைப் பார்த்ததும் சிலையாகிவிட்டாள்.

"அப்பா..."

"எந்த அப்பா? இப்பத்தானே மடியில போட்டு வழியனுப்பி வச்ச?"

"நீ வருவேன்னு எனக்குத் தெரியாதுப்பா."

"தெரிஞ்சிருந்தா? எனக்குப் பதிலா உங்கம்மாவ மேல அனுப்பியிருப்பியா?"

அவள் குனிந்துகொண்டாள். "சொந்தக் கதை சொன்னாத்தான் ஜனங்க நம்புவாங்கன்னு கட்சிப் பேச்சுப் பயிற்சியில சொன்னாங்க. எல்லார்கிட்டயும் ஒண்ணு இருக்கு. ஒருத்தி வீட்டை இடிச்சிருக்காங்க, ஒருத்தனோட அண்ணன் ஜெயில்ல இருக்கான். நம்மகிட்டதான் ஒண்ணுமே இல்ல."

"அதுக்கு?"

"நீ நல்லா இருக்கியேப்பா!" அது ஏதோ அவர் செய்த குற்றம்போலச் சொன்னாள். "பின்தெருவுல ஒருத்தர் ஆம்புலன்ஸ் வராமதானே செத்தாரு? அது நிஜம்தானே? அவருக்காகப் பேச யாரும் இல்ல. நான் பேசினேன். ஆளை மட்டும்தான் மாத்தினேன்."

ஆளை மட்டும்தான் மாற்றினாளாம்! வாயில்லாப் பூச்சி என்று நினைத்து வளர்த்தது இப்படிப் பேசுகிறதே! கோபம் வரவேண்டிய இடத்தில் திகைப்புதான் வந்தது. அவர் ஏதாவது சொல்வதற்குள் இளைஞரணிச் செயலாளர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"கலக்கிட்டம்மா! தலைவர் கண்ணே கலங்கிப்போச்சு. நாளைக்குக் காலையில உங்க வீட்டுக்கே வராரு, உங்கம்மாவுக்கு ஆறுதல் சொல்ல. டிவிக்காரங்க எல்லாம் வராங்க. அப்பா போட்டோ ஒண்ணு பெருசா பிரேம் போட்டு வை. தலைவர் பூ வைப்பாரு." பிறகு இவர் பக்கம் திரும்பினார். "யாரும்மா, தெரிஞ்சவரா? பேசிக்கிட்டு இருந்தியே?"

"இல்ல..." அவள் எச்சில் விழுங்கினாள். "மைக் நல்லா இருந்துச்சு, அதான் அண்ணனுக்கு நன்றி சொன்னேன்."

அண்ணன்! பெற்ற பிறகு இதையும் கேட்க வேண்டியிருந்தது.

"அண்ணே, நாளைக்கு அந்த வீட்டு வாசல்லயும் ஒரு சின்னப் பெட்டி வச்சுடுங்க. வீடு எங்கன்னு சொல்லும்மா."

தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, தையல் கடைக்கு எதிர்ச் சந்து, கடைசிப் பச்சை கேட் என்று மகள் அவருக்கே வழி சொன்னாள். வழியெல்லாம் சரியாகத்தான் சொன்னாள்.

"தெரியும்" என்றார் அண்ணன்.

"அட! அப்ப இவங்க அப்பாவோடயும் பழக்கம் இருக்குமே?"

மகள் முகம் வெளுத்துவிட்டது. 'வேண்டாம்ப்பா' என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

"இருக்கு. ரொம்ப நாள் பழக்கம்."

"ஆள் எப்படி?"

"பொண்ணுன்னா உசுர விடுவாரு."

"விட்டுட்டாரே, பாவம்" என்று உச்சுக்கொட்டிவிட்டுச் செயலாளர் தலைவரின் காரை நோக்கி ஓடினார்.

மகள் அழுதாள். அண்ணன் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. குனிந்து ஒயரைச் சுருட்டத் தொடங்கினார்.

"என் போட்டோவுல எது நல்லா இருக்குன்னு போய் உங்கம்மாவையே கேளு."