இரண்டாம் கோடு

கோடுகளின் மேல் எழுதும் மேற்கத்திய ஸ்வரக் குறிப்பை வாசிக்கக் கற்றுத்தரும் மென்பொருளை எழுதியவளுக்கு, ஸ்வரம் கிலோ என்ன விலை என்று கேட்கத்தான் தெரியும். அக்கா சங்கீத டீச்சர். "அஞ்சு கோடு. ஜி ரெண்டாவது, பி மூணாவது, டி நாலாவது" என்று அவள் ஃபோனில் சொன்னதைத் தங்கை அப்படியே உள்ளே ஏற்றிவிட்டாள். இன்று இது தலைமையாசிரியருக்குப் பிடித்துவிட்டால் சங்கீத வகுப்பு தப்பிக்கும். இல்லையென்றால் அந்த அறை கம்ப்யூட்டருக்குப் போகும், அக்கா வீட்டுக்குப் போவாள்.

வகுப்பில் வாலு என்று பெயரெடுத்த பெண் கீபோர்டின் முன்னால் உட்கார்ந்தாள். நடுக்கோட்டில் ஒரு ஸ்வரம் வந்தது. தட்டினாள். திரையில் பச்சை. தலைமையாசிரியர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அடுத்தது மேலிருந்து இரண்டாம் கோட்டில் வந்தது. டி தட்டினாள். சிவப்பு. மறுபடியும் டி. மறுபடியும் சிவப்பு. 'இது ஜி' என்று திரையே விடையைக் காட்டியது.

"என்ன டீச்சர், பொண்ணுக்கு இதுகூட வரலையா?" என்றார் தலைமையாசிரியர்.

அக்கா முகத்தில் ஈயாடவில்லை. தங்கையின் பக்கம் குனிந்தாள். "கோட்டை எங்கேருந்துடி எண்ணினே?"

"மேலேருந்துதான். ஸ்கிரீன்ல எல்லாமே மேலேருந்துதானேக்கா."

"பாவி. சங்கீதத்துல கீழேருந்து எண்ணணும்டி."

தங்கை திரையிலிருந்த கோடுகளைக் கீழிருந்து எண்ணிப் பார்த்தாள். நடுக்கோடு எங்கிருந்து எண்ணினாலும் மூன்றுதான். முதல் பாடம் முழுக்க அந்த ஒரே ஸ்வரம். அதை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு அக்காவும் தங்கையும் ஆஹா ஓஹோ என்று இருந்திருக்கிறார்கள். மற்றதெல்லாம் தலைகீழ். ஐந்து கோட்டை எண்ணத் தெரியாத படிப்பு என்ன படிப்போ.

வாலு ஓரக்கண்ணால் அக்காவைப் பார்த்தாள். பிறகு கோட்டைத் தலைகீழாக எண்ணி வேறு கட்டையைத் தட்டினாள். பச்சை. அடுத்ததற்கும் பச்சை. அதற்கடுத்ததற்கும்.

"பாருங்களேன், கண்ணெதிரே கத்துக்கிட்டா" என்றார் தலைமையாசிரியர். "எல்லா வகுப்புக்கும் போட்டுடலாம்."

தங்கை வாயெடுத்தாள். மேஜைக்கடியில் அக்கா அவள் காலை அழுத்தி மிதித்தாள். "அப்புறம் சரி பண்ணிக்கலாம். பேசாம இரு."

அக்கா பொய்க்குத் துணைபோய் அவள் பார்த்ததே இல்லை. கோபம் வந்தது, அழுகையும் வந்தது. ஆனால் அங்கே ஒரு பிள்ளை, தெரிந்ததையெல்லாம் தப்புத் தப்பாகத் தட்டிக்கொண்டிருந்தது.

"சார், தப்பு என்னோடது. கோடு தலைகீழா வருது. அவ முதல்ல வாசிச்சதுதான் சரி."

தலைமையாசிரியர் வாலுவிடம் திரும்பினார். "அப்ப ஏம்மா மாத்தி வாசிச்சே?"

"நான் வாசிச்சது சரின்னு எனக்குத் தெரியும் சார்." அவள் நிமிரவில்லை. "சரியா வாசிச்சப்ப டீச்சர் முகம் செத்துப்போச்சு. தப்பா வாசிச்சா நல்லா இருந்தாங்க. அதான்."

காலை மிதித்திருந்த பாதம் விலகியது. அக்கா எழுந்து போய் லேப்டாப்பை மூடினாள்.

"ரூமை எடுத்துக்கங்க சார்" என்றாள். "இந்தப் பொண்ணுகிட்ட மட்டும் நான் கொஞ்சம் பேசணும்."