மூடி போட்டியா?

"இடது பக்கம் ஒடி, இடது பக்கம்..."

"ஒடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். நீ ஈ ஓட்டுறியா, வழி காட்டுறியா?"

"கண்ணாடியைப் பாருய்யா கிழவா, என் மூஞ்சியைப் பாக்காத."

"நாப்பது வருசமா இதே சரிவுல படகு இறக்குறேன், என்கிட்ட..."

"இதே சரிவு எங்க இருக்கு? அது மேல காஞ்சு கெடக்கு."

ரமோனா சொன்னது நிஜம். ஏரி வற்றி வற்றி, பழைய கான்கிரீட் சரிவு மண்ணில் பாதியிலேயே நின்றுவிட்டது. அதற்குக் கீழே பூங்காக்காரர்கள் சரளை கொட்டித் தண்ணீர் வரை நீட்டியிருந்தார்கள். எதிர்ப் பாறையில் பழைய நீர்மட்டம் வெள்ளைக் கோடாக, ஆள் உயரத்துக்கும் மேலே தெரிந்தது. மேலே சீமைக்கருவேலப் புதருக்குப் பக்கத்தில் அவர்களுடைய கூடாரம் பாலைக் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது.

அவள் கணவர் ஏலோய், பிக்கப்புக்குப் பின்னால் மாட்டிய படகு வண்டியை நேராகவே இறக்கினார். கைகளுக்கு மறதி வரவில்லை. மற்றதைப் பற்றித்தான் நேற்று மகள் டெனிஸ் ஆல்புகெர்க்கியிலிருந்து போனில் சொன்னாள். "நீயே எல்லாத்தையும் எடுத்துக் குடுத்துக்கிட்டிருந்தா அப்பா எப்படி இருக்காருன்னு யாருக்குத் தெரியும்? ஒரு நாளைக்கு வாயை மூடிக்கிட்டுப் பாரும்மா. அப்புறம் வண்டிச் சாவியை வாங்குறதா வேணாமான்னு பேசுவோம்."

படகின் பின்புறம் அடியில், தண்ணீர் வடிய, கட்டைவிரல் பருமனுக்கு ஒரு துளை. ரோட்டில் போகும்போது அதன் மூடியைக் கழற்றிவிட வேண்டும். தேங்கிய தண்ணீரோடு ஓர் ஏரியின் சிப்பி இன்னோர் ஏரிக்குப் போகக் கூடாதென்று சட்டம். தண்ணீரில் இறக்குமுன் திரும்பத் திருக வேண்டும். "மூடி போட்டியா?" என்பாள் ரமோனா. "போட்டாச்சு கிழவி" என்பார். கிழவியாகாத காலத்திலிருந்தே அப்படித்தான். மறந்துவிட்டு மூழ்கியவர்களைப் பார்த்து இருவரும் கரையில் நாற்காலி போட்டுச் சிரித்ததும் உண்டு.

மூடி பிக்கப்பில், காபிக் கோப்பை வைக்கும் குழியில் கிடந்தது. வழி காட்ட வண்டியிலிருந்து இறங்கும்போதே ரமோனா பார்த்துவிட்டாள். கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினாள். போட்டுடு கிழவா, நீயா போட்டுடு.

ஏலோய் பட்டையை அவிழ்த்தார். படகில் கை வைத்தபடி ஒரு கணம் நின்றார், எதற்கோ காத்திருப்பவர் போல. அவளைப் பார்த்தார். அவள் ஏரியைப் பார்த்தாள்.

படகு மிதந்தது. அவர் ஏறிக்கொண்டார். வழக்கம்போல அவள்தான் வண்டியை மேட்டுக்கு ஏற்றினாள். வழி நெடுக அந்தக் குழியில் மூடி கடகடத்துக்கொண்டே வந்தது.

திரும்பி ஓடி வருவதற்குள் படகின் பின்புறம் அமிழ்ந்திருந்தது. ஏலோய் தொப்பியால் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன பெரியவரே, படகைக் குளிப்பாட்டுறீங்களா?" கரையில் தூண்டில் போட்டிருந்தவன் கேட்டான். கூட இருந்தவன் சிரித்தான்.

இடுப்பளவுத் தண்ணீர்தான். ஏலோய் இறங்கி, கயிற்றை இழுத்துக்கொண்டு நடந்து வந்தார். கால்சட்டைப் பையிலிருந்து தண்ணீர் ஒழுகியது. ரமோனாவின் உள்ளங்கையில் மூடி இருந்தது. அதை மறைக்க அவளுக்குத் தோன்றவில்லை. அவர் மூடியைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்.

"நீ இன்னைக்குக் கேக்கவே இல்லையே, ரமோனா."