ரோசலியின் இடது ஷூ

கல்யாணத்துக்கு இருபது நிமிடம்தான் இருந்தது. தேவாலயத்தின் பின்னறையில் மண்டியிட்டு, மணப்பெண்ணின் இடது ஷூவுக்குள் வைக்கும் அதிர்ஷ்டக் காசுக்காகக் கையை நீட்டினேன். ரோசலி பையிலிருந்து எடுத்துத் தந்ததைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னடி, வாஷிங்டனையா மிதிச்சுக்கிட்டு நடக்கப் போறே?"

அவள் முகம் வெளுத்தது. அது வாஷிங்டன் முகம் போட்ட வெறும் கால் டாலர்.

திங்கட்கிழமைதான் புது ஒரு டாலர் காசு வந்திருந்தது. அதுவரை எங்கள் காசுகளில் இருந்த பெண்களெல்லாம் பேரில்லாத சுதந்திர தேவதைகள். இவளோ சூசன் ஆந்தனி. பெண்களின் ஓட்டுக்காகப் போராடியவள். எங்கள் ராச்செஸ்டரில், மேடிசன் தெருவில் குடியிருந்தவள். ஊரே துள்ளியது. ரோசலியின் அம்மா, விந்தி விந்தி நடப்பவர், வங்கி வரிசையில் நின்று ஒன்று வாங்கினார். புதன்கிழமை முழங்கால் அறுவை சிகிச்சை. படுக்கையிலிருந்தே அதை மகளிடம் தந்தார்.

"என்னால வர முடியாது. இதை ஷூவுல வச்சுக்கோ. நானும் கூட நடந்த மாதிரி இருக்கும்."

புது டாலரும் கால் டாலரும் பார்க்க ஒரே மாதிரி. அந்த வாரம் நாடே குழம்பிக்கொண்டிருந்தது. ரோசலிக்கு இப்போது நினைவு வந்தது. காரிலிருந்து இறங்கும்போது, எதிரே இருந்த சலவைக் கடைக்கு வந்த ஒருவர் சில்லறையை நீட்டி, மெஷினில் போட ஒரு கால் டாலர் கேட்டார். பார்க்காமலே எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

"மெஷின் முழுங்கியிருக்கும், லோர்னா" என்று உட்கார்ந்துவிட்டாள்.

நான் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். படியிலேயே அவர்மேல் மோதினேன். ஒரு கையில் சோப்புத்தூள் டப்பா, மறு கையில் காசு.

"துளைக்குள்ள போகவே மாட்டேங்குது, மா" என்றார் மூச்சு வாங்க. "என்னடான்னு பாத்தா காசுல ஒரு அம்மா முறைக்கிறாங்க. கல்யாணப் பொண்ணையா ஏமாத்துறேன்னு கேக்குற மாதிரி இருந்துச்சு."

அவரை உள்ளே கூட்டிப் போனேன். ரோசலி டாலரை வாங்கிக்கொண்டு, கால் டாலரை அவர் கையில் வைத்து, கல்யாணத்துக்கும் இருக்கச் சொன்னாள். சட்டை அழுக்கு என்று அவர் தயங்கினார். கர்த்தர் சட்டையைப் பார்ப்பதில்லை என்று சொல்லி, கடைசி வரிசையில் உட்கார வைத்தேன்.

ஆர்கன் ஒலித்தது. ஷூவுக்குள் சூசன் அம்மையார் அழுத்தியதாலோ என்னவோ, ரோசலி இடது காலை லேசாக விந்தி விந்தி நடந்தாள். அச்சு அசல் அவள் அம்மா நடப்பது போலவே.