ரோதை என்று நான் சொல்ல வேண்டும்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. பைபிளில் வரும் கிரேக்கப் பெயர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதப்போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். தொடக்கம் இப்படி வந்தது:

'பிலிப்பு என்றால் குதிரைப் பிரியன். ஸ்தேவான் என்றால் கிரீடம். ரோதை என்றால் ரோஜா. ரோதை என் தங்கை மகளுக்கு...'

அது அங்கேயே நிற்கட்டும்.

2

தங்கை ஹெப்சிபா வில்லாபுரத்தில் இருக்கிறாள். (கதைக்காக அவளைக் கெட்டவளாக்கிப் பார்த்தேன். ஒட்டவில்லை.) எனக்கு மகள் பிறந்தால் ரோதை என்று கல்யாணத்துக்கு முன்பே அவளிடம் சொல்லி வைத்திருந்தேன். எனக்குப் பிறக்கவில்லை, அவளுக்குப் பிறந்தது. கோச்சடைக்கு என் வீடு தேடி வந்து பிள்ளையை மடியில் கிடத்தினாள்.

"பேரு ரோதைக்கா. நீ ஆசப்பட்ட பேரு வீணாப் போகக் கூடாதுல்ல. நீதான் ஞானத்தாய். ஞாயித்துக்கெழம சர்ச்சுல நீதான் பேரச் சொல்லணும்."

வீணாப் போகக் கூடாதாம். எனக்கு வயிறு எரிந்தது.

"திரிபோசாள்னு வையேன். அதுவும் கிரேக்கந்தான். நளினமானவள்னு அர்த்தம்."

"ஸ்கூல்ல பிள்ளைக எம்புட்டுக் கேலி பண்ணும்? போக்கா" என்று சிரித்தாள்.

(அடிக்குறிப்பாக வர வேண்டியது: பைபிளில் ரோதை ஒரு வேலைக்காரப் பெண். சிறையிலிருந்து தப்பி வந்த பேதுரு கதவைத் தட்டுகிறார். குரலைக் கேட்ட சந்தோஷத்தில் திறக்க மறந்து உள்ளே ஓடிவிடுகிறாள். அவர் வெளியே நின்று தட்டிக்கொண்டே இருக்கிறார். அந்தச் சந்தோஷத்துக்காகத்தான் இந்தப் பெயரை எடுத்து வைத்தேன். வெளியே நிற்பது நானாக இருப்பேன் என்று நினைக்கவில்லை.)

3

முதல் முடிவு: கணீரென்று ரோதை என்கிறேன், அக்காளும் தங்கையும் கட்டிக்கொண்டு அழுகிறோம். (நாலு பேர் பாராட்ட எழுதியது.)

இரண்டாவது: திரிபோசாள் என்கிறேன். போதகர் அந்தப் பெயரைச் சொல்லியே தண்ணீர் தெளித்துவிடுகிறார். (எழுதும்போது இனித்தது. ஒளிக்க மாட்டேன்.)

மூன்றாவது: காய்ச்சல் என்று போகாமலே...

4

போய்விட்டேன். பிள்ளை என் கையில் தூங்குகிறது. என் விரலை விடாமல் பிடித்திருக்கிறது. ஹெப்சிபா என் முகத்தையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு எதுவுமே தெரியவில்லை. போதகர் தண்ணீரில் கை வைத்துவிட்டார்.

"பிள்ளைக்குப் பேரிடுங்கள்."

எனக்கு வாய் வரவில்லை. எழுதவும் கை வரவில்லை. இவ்வளவு நேரம் நீங்கள் மனசுக்குள்தானே படித்தீர்கள். இப்போது ஒரு பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். எதைச் சொன்னாலும் அதுதான் இனி அவள் பெயர்.