இரண்டாவது சுற்று

மணல் சலிக்கும் சல்லடையில் வாசல் கதவின் பூட்டு வந்து விழுந்ததுமே பூட்டுக்காரருக்கு அது எதுவென்று தெரிந்துவிட்டது. அவர் கையால் பொருத்திய பூட்டு. கதவு எரிந்து, நிலை எரிந்து, கூரை இறங்கி, பதினெட்டு வருஷத்து வீடு முழங்கால் உயரச் சாம்பலாகக் கிடந்தது. பித்தளைக் கைப்பிடி உருகி ஒரு பக்கமாக வழிந்திருந்தாலும் பூட்டின் இரும்பு உடம்பு முழுசாக இருந்தது. கையுறையால் துடைத்துத் திருப்பிப் பார்த்தார். நாக்கு உள்ளே போயிருந்தது.

பூட்டிய பூட்டுக்கு நாக்கு வெளியே நீண்டிருக்க வேண்டும். இது திறந்து கிடந்த பூட்டு.

அவர் பூட்டிவிட்டுத்தான் வந்தார். அதில் சந்தேகத்துக்கே இடமில்லை. எந்தப் பூட்டானாலும் சாவியை இரண்டு சுற்றுச் சுற்றாமல் அவர் கை ஓயாது. கடைத்தெருவில் அவருக்குப் பெயரே ‘ரெண்டுசுத்து’. ஒரு சுற்றுக்கே பூட்டிக்கொள்ளும், இரண்டாவது சுற்றில் நாக்கு இன்னும் அரை விரல் வெளியே போகும், அவ்வளவுதான். ஆனால் அந்த அரை விரலுக்காகத்தான் பூட்டே செய்கிறார்கள் என்பது அவர் கட்சி. காட்டுத்தீ மலையிலிருந்து இறங்கி, தெருமுனை வரைக்கும் புகை வந்து, எல்லோரும் தலைகால் புரியாமல் ஓடிய அந்த மத்தியானத்திலும் அவர் நிதானமாக இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வண்டியில் ஏறினார்.

அப்படியென்றால் யாரோ சாவி போட்டுத் திறந்திருக்கிறார்கள். சாவி மூன்று. ஒன்று அவரிடம், ஒன்று மனைவியிடம். மூன்றாவது மச்சினனிடம்.

பத்தடி தள்ளி மனைவி முகமூடியும் ரப்பர் பூட்ஸுமாகச் சாம்பலின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். தெளிக்காமல் கிளறினால் சாம்பல் தூசி நெஞ்சுக்குள் போய்விடும் என்று அதிகாரிகள் சொல்லியிருந்தார்கள். "என்னங்க கெடச்சுது?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. துருப்பிடிச்ச இரும்பு" என்று சொல்லிப் பூட்டைக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அவர்கள் தேடியது பூட்டை அல்ல. வீட்டுப் பத்திரமும் மனைவியின் இரண்டு வளையல்களும் இருந்த சின்ன இரும்புப் பெட்டியை. பத்திரம் பொசுங்கியிருந்தாலும் பதிவு அலுவலகத்தில் நகல் கிடைக்கும், அதற்கு மனு எழுதிக் கொடுத்தாயிற்று. வளையல்களுக்கு எந்த அலுவலகமும் நகல் தராது. அவை அவள் அம்மாவின் கையில் கிடந்தவை. பெட்டி இருந்த பரண், சமையலறைச் சுவரோடு சரிந்து செங்கல் குவியலுக்கு அடியில் கிடந்தது. அதை அகற்ற நாளை இயந்திரம் வருகிறது. நேற்று வரை அவரும் நாளையை நம்பித்தான் இருந்தார். இப்போது பையில் பூட்டு கனத்தது. இனி எந்த இயந்திரம் வந்து என்ன, பெட்டி அங்கே இருக்கப்போவதில்லை என்று அடித்துச் சொன்னது மனசு.

தங்கியிருப்பதோ அந்த மச்சினன் வீட்டில். தீ பெரிய சாலையோடு நின்றுவிட்டதால் சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த அவன் வீடு பிழைத்தது. அச்சகத்தில் வேலை. கல்யாணமாகாத தனிக்கட்டை. தன் கட்டிலை அவர்களுக்குக் கொடுத்துவிட்டுக் கூடத்தில் பாய் போட்டுப் படுத்துக்கொள்கிறான். நேற்று வரை அவரும் இதை நினைத்து நெகிழ்ந்துதான் இருந்தார். பூட்டு கிடைத்த பிறகு அதே ஆள் வேறு மாதிரி தெரிந்தான். இவ்வளவு உபசாரம் எதற்கு? தினம் வந்ததும் வராததுமாக "பெட்டி கெடச்சுதா மாமா?" என்று ஏன் கேட்கிறான்? எல்லாவற்றுக்கும் மேலே, அந்த அறையின் மூலையில் நிற்கும் பீரோ. கட்டிலைக் கொடுத்தவன் பீரோவை மட்டும் கொடுக்கவில்லை. அதன் சாவி இடுப்புச் சங்கிலியில் தொங்குகிறது. வேலை முடிந்து வந்ததும் திறப்பான், எதையோ வைப்பான், பூட்டுவான். நேற்று அவர் உள்ளே வந்தபோது படக்கென்று கதவைச் சாத்தினான். நேற்று அது பெரிதாகப் படவில்லை. இன்றைக்கு அந்த ‘படக்’ சத்தம் காதுக்குள்ளேயே நின்றது.

அன்று மாலை மனைவி பட்டியல் எழுத உட்கார்ந்தாள். எரிந்துபோன ஒவ்வொரு சாமானையும் அறைவாரியாக எழுதிக் கொடுக்கச் சொல்லியிருந்தார் இன்சூரன்ஸ்காரர். என்ன கம்பெனி, வாங்கி எத்தனை வருஷம், முடிந்தால் ஒரு படம். "முடிஞ்சா படமாம்! படம் மட்டும் தீயில பொழச்சிருக்குமா?" என்றாள். கூடத்து மின்விசிறி மூன்று இறக்கையா நான்கா என்பதே அவளுக்கு மறந்திருந்தது. பதினெட்டு வருஷம் அதன் கீழேதான் தூங்கினாள். பேனாவை வைத்துவிட்டு, மருந்துக்கடைக்குப் போய் இன்னும் நாலு முகமூடி வாங்கிவருவதாகக் கிளம்பினாள். மச்சினன் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

பூட்டுக்காரர் எழுந்து போய் அறைக்கதவைச் சாத்தினார்.

ஊரில் பாதிப் பேர் சாவியைத் தொலைத்துவிட்டு அவரைத்தான் கூப்பிடுவார்கள். வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்காமல் ஒரு பூட்டையும் தொட்டதில்லை என்பது அவருடைய பெருமை. முப்பது வருஷத்துப் பெருமை. கம்பி இரண்டை வளைத்துப் பீரோவுக்குள் விட்டபோது அது போனது. விரல்கள் தம் வேலையைச் சுத்தமாகச் செய்தன. ஒரே சுற்றில் திறந்துகொண்டது. சோம்பேறி, இரண்டாவது சுற்றுப் போடவும் கை வலிக்கிறது இவனுக்கு, என்று திருடப் போன இடத்திலும் மனதுக்குள் திட்டிக்கொண்டார்.

மேல்தட்டில் சட்டைகள். நடுத்தட்டில் ஒரு கெட்டி அட்டைக் கோப்பு. பிரித்தார். உள்ளே அவருடைய கல்யாணம் இருந்தது.

புத்தம்புதுத் தாளில் அச்சடித்த படங்கள். சொந்தக்காரர்களின் போன்களிலிருந்தும் ஆல்பங்களிலிருந்தும் கேட்டு வாங்கியிருக்கிறான். யாருடைய பெயர், எப்போது அனுப்பியது என்று ஒவ்வொன்றின் பின்னாலும் குறிப்பு. கல்யாணம், கிரகப்பிரவேசம், மகளின் ஐந்தாவது பிறந்தநாள், அவள் வேலை கிடைத்து வெளியூர் கிளம்பிய நாள். ஆனால் படங்களில் போட்டிருந்த சிவப்பு மைக் கோடு மனிதர்கள் மேல் இல்லை, அவர்களுக்குப் பின்னால் இருந்தவற்றின் மேல் இருந்தது. மகளின் தலைக்கு மேலே சுழலும் விசிறியைச் சுற்றி ஒரு வட்டம், மூன்று இறக்கை. மாமியாரின் தோளுக்குப் பின்னால் தையல் மெஷின், வட்டம். சிரிக்கும் கூட்டத்துக்கு நடுவே பாதி தெரியும் குளிர்சாதனப் பெட்டி, வட்டம். ஓரத்தில் எண் போட்டு, ‘கூடம்’, ‘அடுக்களை’ என்று அறைவாரியாகப் பிரித்திருந்தான். இன்சூரன்ஸ்காரர் கேட்ட படங்கள் மொத்தமும் இங்கே இருந்தன.

பூட்டுக்காரர் படங்களைத் திரும்ப அடுக்கினார். அத்தனையும் பார்த்த பிறகும் சட்டைகளுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினார். பெட்டி இருக்கிறதா என்று பார்த்துவிடலாமே. அதை நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும். பெட்டி இல்லை. இரும்புத் தகடுதான் விரலில் இடித்தது.

வெளிவாசல் கேட் கிறீச்சிட்டது. கோப்பை இருந்த இடத்தில் வைத்தார். கதவைச் சாத்திக் கம்பியை விட்டார். கை தானாகச் சுற்றியது. கட்டிலில் வந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

மனைவிதான். "ஏன் இப்படி வேர்த்திருக்கு? ஒடம்பு சரியில்லையா?"

அவர் பையிலிருந்த பூட்டை எடுத்துக் கட்டில் மேல் வைத்தார். "காலையில கெடச்சுது. நாக்கப் பாரு. நான் பூட்டிட்டு வந்த பூட்டு. யாரோ தொறந்திருக்காங்க."

அவள் நின்றபடியே அதைப் பார்த்தாள். பிறகு முகமூடிகளை மேஜை மேல் வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"நான்தாங்க தொறந்தேன்."

"என்னது?"

"வண்டில ஏறினப்புறம் சார்ஜர மறந்துட்டேன்னு எறங்கி ஓடினேனே, நீங்க வண்டியத் திருப்பிட்டிருந்தப்ப. தீயணைப்பு வண்டி மைக்குல சொல்லிட்டே போனாங்க. கதவச் சாத்துங்க, பூட்டாதீங்க, நாங்க உள்ள போகணும்னு. உங்க காதுல அதெல்லாம் எங்க விழுந்துச்சு?"

"அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? எறங்கிப் போய் ரெண்டு சுத்து சுத்திட்டுத்தானே வந்திருப்பீங்க. அந்தப் பொகையில." அவள் குரல் உடைந்தது. "எனக்கு நீங்க வண்டிக்குள்ள இருக்கணும்னு இருந்துச்சு. அவ்வளவுதான். அப்புறம் வீடே இல்ல, பூட்டப் பத்திப் பேசி என்ன ஆகப்போகுது?"

அவருக்கு அவளைக் கட்டிக்கொண்டு அழவேண்டும் போலிருந்தது. அழவும் வரவில்லை.

"ஆமா, யாரு தொறந்ததா நெனச்சீங்க?" என்று கேட்டாள்.

"யாரையும் நெனக்கல."

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் கேட் மறுபடியும் கிறீச்சிட்டது. மச்சினன் வந்துவிட்டான். "பெட்டி கெடச்சுதா மாமா?" என்று கேட்டபடியே அறைக்குள் வந்து, இடுப்புச் சங்கிலியைக் கழற்றிக்கொண்டு பீரோவை நோக்கி நடந்தான்.

அப்போதுதான் பூட்டுக்காரருக்குத் தன் கை ஞாபகத்துக்கு வந்தது. திறந்தபோது ஒரு சுற்று. பூட்டியபோது எத்தனை? கேட் சத்தம் கேட்டது, கை சுற்றியது, சுற்றி முடித்துவிட்டுத்தானே நின்றது. இரண்டு. எழுந்து ஓடவும் முடியாது, சொல்லவும் முடியாது.

சாவி உள்ளே போனது. ஒரு சுற்று. மச்சினன் கைப்பிடியை இழுத்தான். கதவு வரவில்லை.

மறுபடி இழுத்தான். வரவில்லை. சாவியைப் பிடித்தபடியே அவன் முதுகு கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. பிறகு இரண்டாவது சுற்று. அந்தச் சின்ன இரும்புச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

அவன் கோப்பை எடுத்துக்கொண்டு திரும்பினான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "அக்கா, இதைப் பாருங்க. எல்லாம் சேந்தப்புறம் காட்டலாம்னு வச்சிருந்தேன். துண்டு துண்டா காட்டினா தெனம் அழுவீங்கன்னு."

மனைவி முதல் படத்திலேயே அழுதுவிட்டாள். "ஏங்க, இங்க பாருங்க, விசிறிக்கு மூணு எறக்கை!" என்று அழுதுகொண்டே சிரித்தாள். பூட்டுக்காரரும் குனிந்து பார்த்தார். ஆச்சரியப்பட வேண்டிய இடத்தில் ஆச்சரியப்பட்டார். "அட, தையல் மெஷினு" என்றார். தன் குரல் தனக்கே கேட்கச் சகிக்கவில்லை. நிமிர்ந்தால் மச்சினன் படங்களைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லாருக்கா மாமா?"

"ரொம்ப நல்லாருக்கு மாப்ள."

"சாப்பிடலாம் வாங்க" என்று எழுந்து போனான்.

சாப்பிடும்போது, கோப்பு வெளியே வந்த பிறகும் பீரோவை அவன் பூட்டிவிட்டுத்தான் வந்தானா என்று யோசித்தார். யோசித்ததற்காகத் தன்னையே நொந்துகொண்டார். குழம்பை ஊற்றிக்கொண்டே மச்சினன் அச்சகத்துக் கதை எதையோ சொல்லி அக்காவைச் சிரிக்க வைத்தான். அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் காலில் விழுந்திருப்பார்.

காலையில் சுவரை அகற்றும் இயந்திரம் எட்டு மணிக்கு வந்துவிடும் என்று மனைவி அவசரப்படுத்தினாள். மச்சினன் வழக்கத்தைவிடச் சீக்கிரம் கிளம்பிவிட்டான். அறையில் அவன் சீப்பை எடுத்து வைக்கும் சத்தம், செருப்புச் சத்தம், பிறகு கேட் கிறீச்சிடுவது, எல்லாம் குளியலறைக்குள் கேட்டன. பூட்டுக்காரர் துண்டோடு அறைக்கு வந்தார்.

பீரோ விரல் அகலத்துக்குத் திறந்திருந்தது. சங்கிலியோடு சாவிக்கொத்து மொத்தமும் அதன் பூட்டிலேயே தொங்கியது. பீரோ சாவி, சைக்கிள் சாவி, இந்த வீட்டுச் சாவி, எரிந்துபோன வீட்டின் மூன்றாவது சாவி.

"ஏங்க, வாசக்கதவச் சாத்திட்டு வாங்க, நேரமாச்சு" என்று வெளியிலிருந்து மனைவி கூப்பிட்டாள்.

அவர் நகரவில்லை. சாவிக்கொத்து இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.