எங்கள் வீட்டுக் கை

நான், என் மனைவி பிரமு, மகள் லோசனி, அவளைப் பெண் பார்க்க வந்த சுதன், அவனுடைய அப்பா ஆவுடையப்பன், அம்மா வடிவு, ஆறு பேரும் எங்கள் பாளையங்கோட்டை வீட்டுக் கூடத்தில்தான் இருந்தோம், ஆனால் குனிந்து பார்க்கும்போது என் கைகளைக் காணவில்லை, என் தோளிலிருந்து ஒரு பெண்ணின் கைகள் நீள்கின்றன, கீழே மேகம், எதிரே செங்குத்தான பாறை, நான் விரலை மடக்கினால் அவள் விரல் மடங்குகிறது, முழங்கை வரைக்கும் பால் தெளித்தது போல வெள்ளைத் திட்டுகள். சுதன் கொண்டுவந்து முகத்தில் மாட்டிவிட்ட வி.ஆர். கருவியைத் தாண்டி ஆவுடையப்பனின் சிரிப்பு கேட்கிறது, என்ன சம்பந்தி, குதிரைக்குக் கண்ணை மறைச்ச மாதிரில்லா இருக்கிய, சுதன் என் பக்கத்தில் நின்று, மாமா, இந்த விளையாட்டுல இதுதான் லோசனியோட உடம்பு, ரெண்டு வருசமா இந்த மலையிலதான் சேர்ந்து ஏறுதோம், இங்க எந்த உடம்பு வேணும்னாலும் எடுத்துக்கிடலாம், எல்லாரும் குறையில்லாமத்தான் செஞ்சுக்கிடுவாங்க, இவ மட்டும் தன் கையைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு திட்டா வரைஞ்சா, என்கிறான், அப்படியானால் அவனுக்குத் தெரியும், பதினோரு வயதிலிருந்து அவளுக்கு முழுக்கைச் சட்டை தைத்துக் கொடுத்து, பள்ளிக்கூடப் படத்தில் கையைப் பின்னால் கட்டி நிற்கச் சொல்லி, இன்று காலையில்கூடப் பிரமுவிடம் விரல் நுனி வரை கிரீமும் பவுடரும் பூசச் சொல்லி நான் மறைத்து வந்தது, அவன் என்றைக்கோ பிடித்து மலையேறிய கை.

சட்டைக்கையை இறக்கிவிடப் பார்க்கிறேன், இல்லாத துணியை இடதில் இழுத்தேன், வலதில் இழுத்தேன், கூடத்தில் சிரிப்பு நின்றுபோனது தெரிகிறது, அந்தக் கைகள் ஒன்றையொன்று தேய்த்துக்கொள்கின்றன, இப்படித்தான் உலகம்மை தேய்ப்பாள், என் அக்காள், அவளுக்கும் இதே திட்டுகள், ஒரு கையால் மற்றதை மூடி, எதை மூடுவது என்று தெரியாமல், எனக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள் உள்ளே போறது யாரு என்று கேட்டபோது, சமையலுக்கு வர்ற பொம்பள என்று நான்தான் சொன்னேன், இருபத்து நான்கு வயது எனக்கு, கதவுக்குப் பின்னால் அவள் நின்றாள், அதன் பிறகு ஒன்பது வருடம், சாகும் வரை, என்னைத் தம்பி என்று கூப்பிடவில்லை, ஐயா என்றுதான், இப்போது என் தோளில் முளைத்துப் பாறையைப் பற்றுகிறது அவள் கை, ஐயா, இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டா என்கிறது, வேண்டாம் என்கிறேன், வாய் திறந்து சொன்னேனா தெரியவில்லை.

வடிவு கேட்கிறாள், அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடாதிய, உங்க குடும்பத்துல வேற யாருக்கும் இது உண்டுமா, குரலில் குத்தல் இல்லை, முருங்கைக்காய் விலை கேட்பது போலத்தான் கேட்டாள், உண்டு என்று ஒரு சொல் போதும், என் முதுகு அதற்குள் நிமிர்ந்துவிட்டது, எங்க வம்சத்துல கிடையாது, இது எங்க வீட்டுக் கையே இல்ல, என்றேன், கருவியைக் கழற்றாமலே.

பிரமு, ஏங்க, என்றாள். லோசனி சத்தம் போடவில்லை, அப்ப இது யாரு கைப்பா, என்று கேட்டாள், அவள் விரல்கள் என் மணிக்கட்டைப் பிடித்தன, பவுடர் வியர்வையில் பிசுபிசுத்தது, ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்த கையை யாரும் தொடவில்லை, அது பாறையை விட்டு நழுவுகிறது, விழுகிறேன், விழுந்துகொண்டே பதில் தேடுகிறேன், சமையலுக்கு வர்ற பொம்பள கை, இதை எந்தக் கூடத்தில் சொன்னேன், அன்றா, இன்றா, யாரிடம், கருவியைக் கழற்றியபோது லோசனி இருந்த நாற்காலியில் யாரும் இல்லை.

திட்டுகளைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போய்விட்டார்கள், சம்பந்தம் முறிந்துவிட்டது என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். கல்யாணம் ஆவணியில் குறுக்குத்துறைக் கோயிலில் நடந்தது. தாரை வார்த்துக் கொடுத்தவர் அவளுடைய தாய்மாமன். என்னை அழைக்கவில்லை.