நானூற்றுப் பதின்மூன்று வண்டிகள்

சுவரில் ஒட்டியிருந்த நகர வரைபடத்தின் ஒரு மூலையை மைத்துனர் அதற்குள் பிய்த்துவிட்டார்.

"மச்சான், அத விடுங்க."

"உடம்பு கிடக்குற எடம் மாப்ள. வர்றவங்க என்ன நினைப்பாங்க?"

"வர்றவங்க அவளப் பாக்கத்தான வர்றாங்க? இதுவும் அவதான்."

துணிக்கடைக்காரர் பிய்ந்த மூலையை உள்ளங்கையால் அழுத்தி ஒட்டினார். கீழே கட்டிலில் அவர் மனைவி கிடந்தாள். விடிகாலையில் ஆஸ்பத்திரியில் உயிர் போனது. பத்து மணிக்கெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். மகளைக் கட்டிக்கொடுத்த கையோடு, ஐம்பத்திரண்டு வயதில், நகரத் திட்டமிடலில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கப்போகிறேன் என்று கிளம்பியவள். பஸ் நிலையத்தை ஊருக்கு வெளியே தூக்கிக்கொண்டு போனார்களே, அதை நம்பிப் பிழைத்த தள்ளுவண்டிகள் என்னவாயின என்பதுதான் அவள் கேள்வி. ஆறு வருஷம் முட்டிவலியோடு வெயிலில் அலைந்து ஒவ்வொரு வண்டிக்காரராகத் தேடிப் பிடித்து விசாரித்து அந்த வரைபடத்தில் குறித்தாள். "வண்டி எண்ணுறதுக்கு டாக்டர் பட்டமா?" என்று கேலி பேசியவர்களில் முதல் ஆள் இவர்தான்.

வழிகாட்டிப் பேராசிரியர் வந்தார். மாலை வைத்தார், தலைகுனிந்து நின்றார். பிறகு துணிக்கடைக்காரரைச் சமையலறைப் பக்கம் ஒதுக்கிக்கொண்டுபோய்ச் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார்.

"நாளைக்குக் கமிட்டி கூடுது சார். மேடம் இல்லாட்டியும் பட்டம் குடுக்க விதி இருக்கு. அந்த அஞ்சாவது அத்தியாயத்த மட்டும் எடுத்துட்டா சிக்கலே இல்ல. வாரிசுன்னு நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

பாதிக்கப்பட்டவை நாற்பது வண்டிகள், அத்தனைக்கும் மாற்று இடம் கொடுத்தாயிற்று என்றது அரசாங்க அறிக்கை. அவள் எண்ணியது நானூற்றுப் பதின்மூன்று. இடம் கிடைத்தது இருபத்தொன்பதுக்கு. அதுதான் ஐந்தாவது அத்தியாயம். அறிக்கை எழுதிய குழுவின் தலைவர் இதே பேராசிரியர்.

போன வாரம் ஆஸ்பத்திரியில் துணிக்கடைக்காரரே அவளிடம் பேசிப் பார்த்தார். "கொஞ்சம் எறங்கி வாயேன். ஒரு அத்தியாயம்தான? பட்டத்தக் கையில வாங்கிட்டு மத்தத அப்புறம் பாத்துக்கலாம்."

அவள் ஆக்ஸிஜன் குழாயை ஒதுக்கிவிட்டுக் கேட்டாள்: "வெலையில நீங்க எவ்வளவு வேணா எறங்குவீங்க. அளக்குற கோல என்னைக்காவது வெட்டிச் சின்னதாக்கியிருக்கீங்களா?"

முப்பது வருஷ வியாபாரத்தில் அவர் தோற்ற ஒரே பேரம் அது.

இப்போது அவர் காகிதத்தை வாங்கி நிதானமாகப் படித்தார்.

"அந்த எண்ணிக்கை தப்பா சார்?"

"தப்புன்னு யார் சொன்னா? நேரம் சரியில்ல, அவ்வளவுதான்."

"சரக்குல குத்தமில்ல, ஆனா வேணாம்ங்குறீங்க."

"சார், இது வியாபாரமில்ல."

"அதத்தான் நானும் சொல்றேன்." காகிதத்தை மடித்துப் பேராசிரியரின் சட்டைப் பையிலேயே செருகினார். "முழுசா எடுத்துக்குறதா இருந்தா எடுத்துக்கங்க. கிழிச்சுக் குடுக்குற வழக்கம் இல்ல."

"அவங்க இத்தன வருஷம் உழைச்சது வீணாப் போயிடும்."

"போகாது. நானே அச்சடிச்சு, கடைக்கு வர்ற ஒவ்வொருத்தர் பையிலயும் துணியோட ஒண்ணு வச்சு அனுப்புவேன். எனக்கு எந்தக் கமிட்டியும் கெடையாது."

மகள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்பா... பேருக்கு முன்னால டாக்டர்னு போட்டுப் பாக்கணும்னு அம்மாவுக்கு எவ்வளவு ஆசை."

"தெரியும்மா," என்றார்.

பேராசிரியர் படியிறங்கினார். வாங்காமல் போகிறவரையும் வாசல்வரை கொண்டுவிடுவது வியாபாரியின் பழக்கம். இவரும் கூடவே போனார். தெருவில் பேராசிரியரின் நடை மெதுவானது. அந்த நடை துணிக்கடைக்காரருக்கு நன்றாகத் தெரியும். கடைக்காரன் கூப்பிட்டுவிடுவான் என்று காதைப் பின்னால் விட்டுவிட்டுப் போகிறவர்களின் நடை. மூன்றாவது எட்டில் கூப்பிட்டுவிட வேண்டும். தொழில் சூட்சுமமே அதுதான்.

பேராசிரியர் கார்க் கதவைத் திறந்து பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

துணிக்கடைக்காரர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கதவு சாத்துகிற சத்தம் கேட்கும்வரை வெயிலிலேயே நின்றார்.